ரேணுகாவின் நாற்பது நிமிடம்

என் மனைவி ரேணுகா பார்க்கும் வேலையை ராசிங்காபுரத்தில் யாருக்கும் விளக்கிவிட முடியாது. போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பு டிரைவரான எனக்கே அது விளங்க மூன்று வருடம் ஆனது. ஒரு கம்பெனியின் விவரமெல்லாம் ஓர் ஊரில் பெரிய சேமிப்புப் பெட்டியில் இருக்கும். அதன் நகல் வேறோர் ஊர்ப் பெட்டியில் இருக்கும். இங்கே ஒன்று பதிவானால் அங்கேயும் பதிவாக வேண்டும். இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடிகளை மாடி அறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் கவனிக்கிறாள். கட்டின புருஷனை இதில் பாதியாவது கவனிக்கக் கூடாதா என்று கிண்டல் செய்வேன். உள்ளுக்குள் எனக்கு ஏகப் பெருமை.

போன ஆவணியில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். பத்தரைக்கு முகூர்த்தம் தொடக்கம். பட்டுச்சேலை கட்டி ரேணுகா படியிறங்கும்போது சென்னையிலிருந்து மேலதிகாரி முத்துக்கிருஷ்ணன் கூப்பிட்டார். ஓர் ஆஸ்பத்திரியின் ஜோடிப் பெட்டிகளுக்கு இடையே தொடர்பு அறுந்து கிடக்கிறதாம்.

"மெயின்லேருந்து நகலுக்குக் காப்பி போட்டுருங்கம்மா. அஞ்சு நிமிஷ வேலை."

வழக்கமும் அதுதான். மாடிக்குத் திரும்பிப் போய்க் கட்டளையை அடித்துவிட்டாள். கடைசிப் பொத்தானை அழுத்தப் போனவள் நிறுத்தினாள்.

"சார், காலைல மெயின் பெட்டி ரெண்டு மணி நேரம் படுத்துருச்சுல்ல? அப்ப ஆஸ்பத்திரிக்காரங்க எதுல எழுதுனாங்க?"

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். மேலே கேட்டுக்கிட்டே இருக்காங்க, போடுங்க."

நகலில் எழுதியிருந்தால், அதன் மேலேயே மெயினில் இருக்கும் பழையது போய் உட்கார்ந்துவிடும். அந்த இரண்டு மணி நேரத்து ரத்தப் பரிசோதனை, மருந்துச்சீட்டு எதுவும் மிஞ்சாது.

"பாக்காமப் போட மாட்டேன் சார்" என்றாள்.

கீழே நான் ஹாரனை அடித்துத் தீர்த்தேன். "ஏய், வெரசா வா! மாமன் இல்லாமப் பிள்ளைய யாரு மடியில வைப்பாக?"

"நீங்க போங்க மாமா, நான் பஸ்சுல வர்றேன்."

விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. கோபத்தோடு படியில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு பெட்டியிலும் கடைசியாகப் பதிவான நேரத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டுக் கேட்டாள். யாரிடமும் சொல்லாமல் அவர்களே நகலுக்கு மாறி, எல்லாவற்றையும் அதில்தான் எழுதியிருந்தார்கள். நகலிலிருந்து மெயினுக்குத் திசையைத் திருப்பிக் காப்பி போட்டாள். மொத்தம் நாற்பது நிமிடம்; அதுவரை ஆஸ்பத்திரியில் எதையும் பதிய முடியவில்லை. விஷயத்தைக் கேட்டதும் முத்துக்கிருஷ்ணன், "நல்லவேளைம்மா" என்றார். முகூர்த்தம் முடியும் தறுவாயில் நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. நாற்பது நிமிடம் நோயாளிகளைக் காக்க வைத்துவிட்டார்களாம். அவள் ஆபீசில் ரேணுகாவையே வருத்தம் தெரிவித்து எழுதச் சொன்னார்கள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

"காப்பாத்திக் குடுத்தவளே மன்னிப்பும் கேக்கணுமா? எழுதாத!"

அவள் தட்டச்சு செய்துகொண்டே சிரித்தாள்.

"விடுங்க மாமா. பதிஞ்சதெல்லாம் அழியாம அப்படியே இருக்கப் போயித்தான் அவுகளுக்கு நாப்பது நிமிசம் பெருசாத் தெரியுது."