வண்டிக்கு வலி இல்லை

1

2024 ஜூலை 11, வியாழக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மழை பெய்கிறதா, நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாத வானிலை. தெருவில் குடைகள் மடங்கியிருந்தன. கடையின் தகரக் கூரையில் மட்டும் சத்தம் இருந்தது. கிள்ளிப்பாலத்தில் ஞானதாஸின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தின நாள் வந்த கேஸ்கெட் கட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது இருக்க வேண்டும். முப்பத்தொன்பதுதான் வந்தது.

நான் இந்தக் கடைக்கு வேலைக்காரனும் இல்லை, முதலாளியும் இல்லை. ஒரு மோட்டார் சைக்கிள் டீலரிடம் பார்ட்ஸ் கவுண்டரில் முப்பத்தொரு வருஷம் நின்றுவிட்டு ஓய்வு பெற்றவன். வீட்டில் இருந்தால் ஓடுகளை எண்ணத் தொடங்கிவிடுவேன் என்பதால் காலை வேளைகளில் இங்கே வந்து உட்காருகிறேன். சம்பளம் கிடையாது. காப்பி உண்டு.

மழை நாளில் பார்ட்ஸ் கடை வேறு மாதிரி இருக்கும். மேலே வரிசையாகத் தொங்கும் கிளட்ச் கேபிள்கள் ஆலம் விழுதுகள் போல மெல்ல ஆடும். அலமாரியில் உள்ள ஹெட்லைட் கண்ணாடி ஒவ்வொன்றிலும் கடையின் வாசல் சின்னதாகத் தெரியும். அன்று அத்தனை வாசல்களிலும் ஒரே சமயத்தில் ஓர் ஆள் நனைந்துகொண்டு வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பில்.

"அண்ணாச்சி, இந்த செயின் செட்டைத் திருப்பி எடுத்துக்கிடுங்க. வண்டி ஏறவே மாட்டேங்கு."

ஞானதாஸ் பாறசாலைக்காரர். யாரிடமும் கோபப்பட மாட்டார். யாருக்கும் பணம் திருப்பியும் கொடுக்க மாட்டார். "மாட்டின சாதனம் திருப்பி எடுக்க மாட்டோம் கேட்டியா? போர்டுல எழுதிப் போட்டிருக்கு."

"போர்டு மலையாளத்துல இருக்கு அண்ணாச்சி."

"அதான் வாயால தமிழ்ல சொல்லுதேன்லா."

கேஸ்கெட்டைக் கீழே வைத்துவிட்டு நான் கேட்கத் தொடங்கினேன். கவுண்டரில் நின்ற பழக்கம். பார்ட்ஸ் கேட்டு வருகிறவரிடம் முதலில் பார்ட்ஸைப் பற்றிக் கேட்கக் கூடாது. வண்டி எங்கே ஓடுகிறது, என்ன சுமக்கிறது என்று கேட்க வேண்டும்.

அவர் பெயர் தங்கராஜ். தென்காசிப் பக்கம். மனைவிக்குப் பொன்முடி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் வேலை கிடைத்து, நான்கு மாதமாக அங்கே தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் குடியிருக்கிறார்கள். இவர் விடிகாலையில் பைக்கில் கல்லாறு வரை இறங்கி, ரொட்டி, பால், முட்டை ஏற்றிக்கொண்டு மேலே போவார். பெரும்பகுதி எஸ்டேட் கேன்டீனுக்கு. மிச்சம் லைன் வீடுகளுக்கு. பைக் பதினான்கு வருஷப் பழசு, நூறு சி.சி.

"மூணு வாரமா இப்படித்தான் சார். எட்டாவது வளைவு வந்தா எஞ்சின் கெடந்து கத்துது, வண்டி அப்படியே நிக்கி. நான் எறங்கித் தள்ளுதேன். திங்கக்கிழமைக்குள்ள சரியா வரலேன்னா கேன்டீன் சப்ளையை ஜீப்காரருக்குக் குடுத்துருவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. கேன்டீன் போச்சுன்னா, லைன்ல விக்கிற காசு பெட்ரோலுக்குத்தான் சரியா இருக்கும். பெறவு எங்களுக்கு மலையில என்ன சோலி?"

"மெக்கானிக்கிட்ட காட்டினேளா?"

"விதுரையில சசி ஆசான்கிட்ட காட்டுனேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தாரு. வண்டிக்கு வலி இல்லன்னுட்டாரு."

"சரி, என்ன மாத்தச் சொன்னார்?"

"வலியே இல்லன்னு சொன்ன பெறவு அவரு என்னத்த மாத்தச் சொல்லப் போறாரு? எஞ்சினுக்கு ஒரு நோவும் இல்ல, அப்ப செயின்தான் கோளாறுன்னு நானே முடிவு பண்ணி, இங்க வந்து வாங்கி மாட்டுனேன்."

"ஆசான் வேற ஒண்ணும் சொல்லலையா?"

"நான் 'ரொம்ப சந்தோஷம் ஆசானே'ன்னு கும்பிட்டுட்டு வந்துட்டேன். அவரு என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு."

ஞானதாஸ் முதல் முறையாகத் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். பிறகு மேஜையில் கவிழ்ந்து குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். "எளவு! மலையாளத்துல வலி இல்லன்னா இழுவை இல்லன்னு அர்த்தம்டே! வண்டி இழுக்கல்லேன்னு சொல்லியிருக்காரு. நீ அதுக்குப் போயி கும்பிடு போட்டுட்டு வந்திருக்கியே!"

தங்கராஜ் சிரிக்கவில்லை. "அப்ப நோவுக்கு என்ன சொல்லுவாங்க?"

"அதுக்கு வேதனைன்னு சொல்லுவாங்க."

"வேதனைதான் அண்ணாச்சி," என்றார் அவர், பில்லைப் பார்த்தபடி.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நான் வேறெங்கோ போய்விட்டேன். எங்கள் ஸ்ரீவராகத்து வீட்டில் வலி என்றால் நோவு. ஒர்க்‌ஷாப் தரையில் வலி என்றால் இழுவை. முப்பத்தொரு வருஷம், காலை ஒன்பது மணி வரை ஓர் அர்த்தத்திலும் அதற்கு மேல் இன்னோர் அர்த்தத்திலும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டும் ஒரே சொல் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. மலை ரோட்டில் நின்றுபோன ஒரு வண்டியின் கழுத்தைத் தடவி, வலிக்கிறதா என்று யாரோ கேட்பது போல ஒரு காட்சி மனதில் வந்தது. ஞானதாஸ் "சாரே, காப்பி ஆறுது" என்றதும் போய்விட்டது.

2

எஞ்சின் கத்தியும் வண்டி இழுக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச். பக்கத்து ஷெட்டில் மெக்கானிக் பாபு கிளட்ச் கவரைக் கழற்றினார். கிளட்ச் பிளேட் என்பது உள்ளங்கை அகல வளையம். உராயும் பூச்சுள்ள வளையமும் வெறும் இரும்பு வளையமும் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். அவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தால்தான் எஞ்சினின் பலம் சக்கரத்துக்குப் போகும். தங்கராஜின் பிளேட்டுகள் கறுத்து, கண்ணாடி போல வழவழத்திருந்தன. பிடிக்கவே இல்லை, வழுக்கிக்கொண்டிருந்தன. சமதளத்தில் தெரியாது. மூட்டையோடு மலையேறும்போது தெரியும்.

வடிந்த எண்ணெயைப் பாபு விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "இது பைக்கின்ட எண்ணெயல்ல சாரே."

தங்கராஜ் என்னைப் பார்த்தார். "மச்சான் டாக்சி ஓட்டுதான் சார். கார் எண்ணெய் மிச்சம் இருந்துச்சு. ஒசந்த எண்ணெய், சும்மா ஊத்திக்கோன்னு குடுத்தான்."

"ஒசந்த எண்ணெய்தான். காருக்கு. காரிலே கிளட்ச் தனியா இருக்கு, எண்ணெயே படாது. இதிலே கிளட்ச் எண்ணெய்க்குள்ளேயே குளிச்சிண்டிருக்கு. வழுக்கறதுக்கு மருந்து போட்ட எண்ணெயை விட்டா, பிளேட்டும் வழுக்கும்." டப்பாவின் பின்பக்கம் எம்.ஏ. என்று இரண்டு எழுத்து போட்டிருக்கும், அது உள்ள எண்ணெய்தான் பைக்குக்கு என்றும் சொன்னேன்.

"எண்ணெய்க்கு எம்.ஏ. படிப்பா சார்?"

"நான் பி.காம். தான். அதனாலே அதுக்கு நான் மரியாதை குடுக்கறது."

இப்போது அவர் சிரித்தார். அவரிடம் இருந்தது தொள்ளாயிரம் ரூபாய். அதற்குள் எண்ணெயும் பிளேட்டும் கூலியும் முடிய வேண்டும்.

இளைஞர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும். கம்பெனி டப்பாவில் வரும் முழு செட் அவர் கையிருப்பைத் தாண்டியது. அதுவும் ஊரில் ஸ்டாக் இல்லை, ஒரு வாரம் ஆகும். ஞானதாஸின் அலமாரியில் இருந்தது நூற்றுத் தொண்ணூறு ரூபாய் டூப்ளிகேட். அதன் ஹாலோகிராம் ஸ்டிக்கர் அசலைவிட அதிகம் மின்னியது. பூச்சின் விளிம்பை நகத்தால் கீறினேன். மாவு போல உதிர்ந்தது. ஆனால் வண்டிக் கம்பெனி இந்தப் பிளேட்டைத் தானே செய்வதில்லை. வேறொரு கம்பெனி செய்து கொடுக்கிறது. அந்தக் கம்பெனி அதே பிளேட்டைத் தன் பெயரிட்ட டப்பாவிலும் விற்கும், பாதி விலைக்கு. அந்தப் பெயர் தெரிந்தால் போதும். பழைய பிளேட்டின் உட்புறத்தில் அழுக்கைத் துடைத்துப் பார்த்தால் சின்ன முத்திரையாக அது இருக்கும்.

துடைத்தேன். இருந்தது.

இரும்பு வளையங்கள் வளையவில்லை, ஸ்பிரிங்குகள் உயரம் குறையவில்லை. அவற்றை மாற்ற வேண்டாம். பூச்சு பிளேட் மட்டும் போதும். பழையதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு இருவரும் சாலைத் தெருவில் கடை கடையாக ஏறினோம். மழை மறுபடி தொடங்கியிருந்தது. வெள்ளி விளக்குக் கடையும் வெற்றிலைக் கடையும் தண்ணீருக்குள் இருப்பவை போல மங்கித் தெரிந்தன. ஒவ்வொரு கவுண்டரிலும் காகிதத்தைப் பிரித்துக் காட்டினோம். அவர்கள் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், நாங்கள் இறங்கினோம். ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போவது போல இருந்தது. ஏழாவது கடையில், மேல் தட்டில், தூசியோடு ஒரே ஒரு டப்பா. விளிம்புப் பற்களின் எண்ணிக்கை சரி. கனம் சரி. நானூற்று இருபது ரூபாய்.

திரும்பி வந்ததும் ஞானதாஸ் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். "கொள்ளாம், நல்ல சாதனம்தான். ஆனா இது நம்ம கடை பில்லுல வராது சாரே. ஏறல்லேன்னா ஆரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு. ஏறலேன்னா பிளேட்டுப் பணம் என்னுது."

சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் எந்தக் கஸ்டமருக்கும் அப்படிச் சொன்னதில்லை. பாபு பிளேட்டுகளைப் புது எண்ணெயில் ஊறப்போட்டு, மாலையில் மாட்டினார். எண்ணெய் கசியாமல் கவருக்கு அடியில் வைக்க ஒரு கேஸ்கெட் வேண்டியிருந்தது. கட்டில் முப்பத்தெட்டு ஆனது.

3

கிள்ளிப்பாலத்திலிருந்து விதுரை வரை சமதளம்தான். வண்டி ஓடியது, ஆனால் அது எதையும் நிரூபிக்கவில்லை. எட்டாவது வளைவு நிரூபிக்க வேண்டும். மூட்டையோடு. வெள்ளிக்கிழமை தங்கராஜ் போன் செய்தார். சரக்கு ஏற்றி நடுவழியில் நின்றால் பால் வீணாகும். மூட்டைக்குப் பதில் ஆள் ஒருவரை ஏற்றிப் பார்க்கலாம் என்றார். நான் அறுபத்தெட்டு கிலோ. பால், ரொட்டி, முட்டை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய அவ்வளவுதான்.

என் மனைவி அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஏன்னா, பால் பாக்கெட்டுக்குப் பதிலா நீங்க போறேளா? ராத்திரி பூரா முட்டி வலிக்கறதுன்னு முனகறேள். பைக்கிலே மலை ஏறப் போறேளா?"

"பொறுப்புன்னு சொல்லிட்டேன்."

"வலிக்கறதுன்னும் சொன்னேள்."

சனிக்கிழமை காலை பஸ்ஸில் கல்லாறு போய் இறங்கினேன். ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது, ஆறு தெரியவில்லை. மஞ்சு, அதாவது மூடுபனி, ரோட்டில் உட்கார்ந்திருந்தது. தங்கராஜ் வண்டியோடு காத்திருந்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினேன்.

"கெட்டியாப் புடிச்சுக்கிடுங்க சார். மூட்டையைன்னா கயிறு போட்டுக் கெட்டிருவேன்."

வளைவுகள் இருபத்திரண்டு. எட்டு வரை எண்ணினால் போதும் எனக்கு. ஒன்று. இரண்டு. எஞ்சின் சத்தத்தில் காதை வைத்திருந்தேன். சத்தம் ஏறி வண்டி தளர்ந்தால் வழுக்கல் என்று அர்த்தம். மூன்று, நான்கு. ஐந்தாவது வளைவில் எண் பலகை மஞ்சுக்குள் பாதி தெரிந்தது. அதற்கப்புறம் பலகை இல்லை, ரோட்டோரம் இல்லை, பள்ளம் இல்லை. வெள்ளை மட்டும். தங்கராஜின் முதுகு, அவர் சட்டையில் மண்ணெண்ணெயும் ரொட்டியும் கலந்த வாசனை. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தால் வளைவு; நிமிர்ந்தால் ரோடு. எங்கோ தேயிலை ஈரமாக மணந்தது. ஆறா, ஏழா? சாய்ந்தோம், நிமிர்ந்தோம். கால் தரையில் இல்லாத, எங்கும் போகாத, யாரோ சும்மா தூக்கிவைத்திருக்கிற மாதிரி ஓர் ஏற்றம். எண்ணிக்கை என் கையிலிருந்து நழுவி மஞ்சுக்குள் போய்விட்டது. திடுக்கிட்டுத் தோளைத் தட்டினேன்.

"தங்கராஜ்! எட்டு எப்போ வரும்?"

"அது எப்பமோ போச்சு சார். பதினஞ்சு தாண்டியாச்சு."

ஹெல்மெட்டை அவர் முதுகில் சாய்த்துக்கொண்டேன்.

"சார்? தூங்கிட்டியளா?"

"இல்லே. ஓட்டுங்கோ."

எஸ்டேட் கேன்டீன் வாசலில் மஞ்சு திடீரென்று விலகியது. மேனேஜர் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னு எந்தரு லோடு தங்கராஜே?"

"ஒரு சாரு. அறுவத்தெட்டு கிலோ."

"எட்டாம் வளவில் தள்ளியோ?"

"தள்ளல. சாரைக் கேளுங்க."

"எனக்குத் தெரியாது," என்றேன். அதுதான் உண்மை.

மேனேஜர் சிரித்துவிட்டார். "திங்களாழ்ச்ச ஆறே முக்காலினு பால் வேணும், கேட்டோ? ஜீப்பினோடு ஞான் பறஞ்சோளாம்."

திங்கட்கிழமையும் பால் தங்கராஜே கொண்டுவரலாம், ஜீப்காரரிடம் அவரே சொல்லிக்கொள்வார். தங்கராஜ் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சின் பக்கம் குனிந்து கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சலுக்குத் தொட்டுப் பார்ப்பது போல. "இப்ப வலி உண்டு சார்," என்றார்.

4

கற்றுக்கொண்டதைச் சொல்லி முடிக்கிறேன். மெக்கானிக் சொன்ன சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்கு வராதீர்கள். வண்டி எங்கே, என்ன சுமையோடு, எப்படி நின்றது என்பதைக் கொண்டு வாருங்கள். புரியாத சொல்லுக்கு நன்றி சொல்லாதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள். பழைய பார்ட்டைத் தூக்கி எறியாதீர்கள், அதைத் துடைத்தால் செய்தவன் பெயர் இருக்கும். கெடாததை மாற்றாதீர்கள். சும்மா கிடைக்கும் எண்ணெயை ஊற்றாதீர்கள்.

பிளேட் தாக்குப்பிடித்தது, தங்கராஜ் இன்றும் ஏறுகிறார். அந்த மஞ்சுக்குள் என் முட்டியில் வலி இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. கல்லாற்றில் பஸ் ஏறும்போது திரும்ப வந்தது.

எனக்கு ஆன செலவு: போக வர பஸ், கேன்டீனில் தங்கராஜ் என்னைக் கொடுக்க விடாத டீ போக இன்னொரு டீ, வரும் வழியில் மனைவி சொல்லி வாங்கிய முட்டித் தைலம். எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பதினெட்டு ரூபாய்.