நடுவரைப் பார்க்காமல் நடந்தவர்

சேகரண்ணையின் மனைவி தொலைபேசியில் அழைத்தபோது, ரெக்ஸ்டேல் தொழிற்சாலையில் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். "தம்பி, அண்ணை விடியப் போயிட்டார். ஹார்ட் அற்றாக்" என்றார். சரி என்றேன். வேறென்ன சொன்னேன் என்று நினைவில்லை. இடைவேளை மணி அடிக்கும்வரை பெட்டி கட்டினேன். கைகள் தம் பாட்டில் வேலை செய்தன. அழுகை வரவில்லை. இதை எழுதும்வரை வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சிறு வயதில் பெற்றோருடன் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலாந்து போனவர். அங்கே ஒரு கவுண்டி கிரிக்கெட் அணியில் சம்பளத்துக்கு ஆடிய தொடக்கத் துடுப்பாட்டக்காரர். நாட்டு அணிக்கு ஒருநாளும் ஆடியதில்லை. "பேப்பரில என்ரை பேரைத் தேடுறதெண்டால் கண்ணாடி போட வேணும்" என்பார். கோடையில் ஆட்டம், குளிர்காலத்தில் விளையாட்டுப் பொருள் கடையில் வேலை. செப்டெம்பரில் மேலாளர் ஒவ்வொருவராக அறைக்குள் அழைப்பாராம். அடுத்த ஆண்டுக்கு ஒப்பந்தம் உண்டா என்பது அங்கேதான் தெரியும். "வெளியில வாறவன்ரை முகத்தை ஒருத்தரும் பாக்கமாட்டினம். எல்லாரும் தங்கட சப்பாத்தைப் பாப்பினம்" என்று ஒருமுறை சொன்னார்.

முழங்கால் பழுதாகி ஆட்டம் முடிந்தபின், மனைவியின் குடும்பம் இருந்த ரொறன்ரோவுக்கு வந்தார். மோர்னிங்சைடில் எங்களுக்கு அடுத்தடுத்த கட்டடம். ஒரே தொழிற்சாலை, போக வர என்னுடைய கார். முழங்காலுக்கு உறை போட்டுக்கொண்டு எங்கள் சனிக்கிழமை அணியில் என்னோடு தொடக்கம் ஆடினார். பதினொரு மணி ஆட்டத்துக்குப் பத்து மணிக்கே கால்காப்புக் கட்டி, மடக்குக் கதிரையில் உட்கார்ந்துவிடுவார். மாப்பிள்ளை ரெடி என்று நக்கலடிப்போம். சிரிக்கவும் மாட்டார், எழும்பவும் மாட்டார்.

எங்கள் போட்டிகளில் துடுப்பெடுத்தாடும் அணியே நடுவர்களையும் நிறுத்தும். ஓர் இறுதிப் போட்டியில் நான் வந்த வேகத்தில் ஆட்டமிழந்து, வெள்ளைத் தொப்பியோடு நடுவராகப் போய் நின்றேன். ஒரு பந்து சேகரண்ணையின் துடுப்பில் உரசி விக்கெட் காப்பாளரின் கைக்குப் போனது. எதிரணி முழுவதும் கத்தியது. நான் இல்லையென்று தலையை ஆட்டினேன், விரலைத் தூக்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவேயில்லை. துடுப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். நாங்கள் தோற்றோம். எங்கள் பெடியள் அன்று அவரோடு கதைக்கவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் அவராகவே தொடங்கினார்.

"இங்கிலாந்தில எனக்குக் கடைசிக்கு முதல் சீசன். என்னை வைச்சிருப்பினமோ எண்டு பயம். இதே மாதிரித்தான் பட்டது. அம்பயர் இல்லையெண்டிட்டார். நான் நிண்டனான். செஞ்சரி அடிச்சன், கொன்ராக்ற் கிடைச்சுது. பந்து போட்டவன் மற்ற ரீமில ஒரு சின்னப் பெடியன். அந்த செப்டெம்பரில அவனை ரீமால நிப்பாட்டிட்டினம். அண்டைக்கு அவனுக்கு ஒரு விக்கெட்டும் விழேல்லை."

இருக்கையைப் பின்னே தள்ளி முழங்காலை நீட்டினார். பிறகு, "என்ரை துடுப்பில பட்ட சத்தம் உமக்குக் கேட்டதோ?" என்றார்.

"இல்லை அண்ணை."

"சரி" என்றார்.

அதன்பின் பல ஆண்டுகள் ஒன்றாக ஆடினோம், அதே காரில் போய் வந்தோம். அவர் திரும்பக் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று நான் காத்திருந்தேன். கோழைத்தனத்துக்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

இறுதிச் சடங்குக்கு அந்த இறுதிப் போட்டியில் பந்து போட்டவரும் வந்திருந்தார். என் கையைப் பிடித்து, "நீங்கள் அவுட் இல்லையெண்டு சொல்லியும் மனுசன் நடந்து போனவரெல்லோ" என்றார். நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன். சவப்பெட்டியருகே போய் நின்றபோதும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இன்று காலை தனியே வேலைக்குக் காரை எடுத்தேன். முழங்காலை நீட்டுவதற்காக அவர் பின்னே தள்ளிய பக்கத்து இருக்கை அப்படியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"கேட்டது அண்ணை. எனக்கு வடிவாக் கேட்டது. போயிட்டு வாங்கோ."