மரக்கடை வரைக்கும்தான்

ஏழு வயதிலேயே எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. மாதாமாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், காளவாசலில் மாமாவின் வாடகை சைக்கிள் கடைக்குப் போய், பெஞ்சியில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார வேண்டும். இவர் சொல்வதை அவருக்கும், அவர் சொல்வதை இவருக்கும் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனால் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

மாமா டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே கேட்பார்.

"பாப்பா, அங்கிட்டு மழை உண்டுமான்னு கேளு."

"அப்பா, மழை உண்டுமா?"

"தூத்தல்தான். கடலைக்குப் பத்தாதுன்னு சொல்லு."

"மாமா, தூத்தல்தானாம். கடலைக்குப் பத்தாதாம்."

மாமா "அடக் கொடுமையே" என்று நிஜமாகவே வருத்தப்படுவார். அப்பா தலையை ஆட்டிக்கொள்வார். நான் இல்லாவிட்டால் இந்த இரண்டு பேரும் என்ன ஆவார்கள் என்று எனக்குப் பெருமை தாங்காது.

இந்த ஏற்பாட்டைப் பேசி முடித்தது இரண்டு பக்கத்துப் பெரியவர்கள். அப்பா பக்கத்தில் யாரோ ஒருவர், எங்க பிள்ளையைத் தூக்கிட்டு வர எங்களுக்குத் தெரியும் என்று சவடால் விட்டுவிட்டார். அன்றோடு அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. ஆகவே அப்பா என்னைப் பார்க்கலாம், ஆனால் மாமாவின் கண் முன்னால்தான் பார்க்க வேண்டும். ஒரு தடவை மீறினாலும் அதோடு சரி, பிறகு மகள் முகத்தையே பார்க்க முடியாது. "கண்ண எடுத்துராதண்ணே" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் மாமாவிடம் சொல்லித்தான் என்னை அனுப்புவாள்.

எவ்வளவு நேரம்தான் மழையைப் பற்றியே பேசுவது? அப்பா எனக்குச் சைக்கிள் பழக்க ஆரம்பித்தார். கடையிலேயே குட்டையான சைக்கிளை மாமா எடுத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, என்னிடம்தான் நீட்டுவார். "மரக்கடை வரைக்குந்தான்னு சொல்லு" என்பார். அதுவரைக்கும்தான் அவர் கண்ணுக்கு எட்டும். அதைத் தாண்டினால் ரோடு வளைந்துவிடும். வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்குமிடம். அப்பா ஊருக்குப் போகிற பஸ்ஸும் அங்கேதான் நிற்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படியோ எனக்குச் சைக்கிள் வந்துவிட்டது. அப்பா சீட்டிலிருந்து கையை எடுத்தது கூடத் தெரியாமல் மிதித்தேன். மரக்கடை வந்தது, போனது. நிறுத்துவதற்குத்தான் யாரும் இன்னும் சொல்லித் தரவில்லையே! "பிரேக்கப் பிடி, பிரேக்கப் பிடி" என்று அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். வளைவைத் தாண்டி, பஸ்ஸுக்கு நின்ற ஜனங்களுக்கு நடுவில் போய் விழுந்தேன். முட்டி சிராய்ந்துவிட்டது. அப்பா ஓடி வந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

சரியாக அந்த நேரம் பஸ் வந்து நின்றது. மாதாமாதம் அதே வண்டியில் வந்து போகிறவர் என்பதால் கண்டக்டருக்கு அப்பாவைத் தெரியும்.

"என்னண்ணே, இன்னைக்கு மகளும் வருதா? ஏறுங்க, ஏறுங்க. சீட்டு கெடக்கு."

அப்பா படியில் கால் வைத்தார். ஜன்னல் சீட்டு ஒன்று காலியாக இருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். "ஏறுப்பா" என்றேன். என் முட்டி வலியெல்லாம் பறந்துவிட்டது. அப்பா கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். ஜனங்கள் அவரைத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். அவர் வளைவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு காலை எடுத்துவிட்டார்.

"நீங்க போங்கண்ணே. நான் அடுத்த வண்டிக்கு வாரேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. விசில் கொடுத்து வண்டி நகர்ந்தபோது மாமா வளைவில் ஓடி வந்தார். கையெல்லாம் மசி, காலில் ஒற்றைச் செருப்பு. எங்களைப் பார்க்காமல் பஸ்ஸைத் துரத்தி, தட்டித் தட்டி நிறுத்தி, உள்ளே ஏறி ஒவ்வொரு சீட்டாகத் தேடினார். ஒரு கிழவியின் கோழிக்கூடையைக் கூடத் திறந்து பார்த்துவிட்டார். பஸ்ஸே அவரைத் திட்டியது. பார்க்கப் பாவமாக இருந்ததால், "மாமா, இங்கனதான் இருக்கோம்" என்று கத்தினேன்.

மாமா இறங்கி வந்தார். அப்பாவைப் பார்த்து வாயைத் திறந்தார். "மாப்ள" என்றார். ரோட்டோரத்திலேயே குத்தவைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், பிள்ளைக்குப் பிரேக்குப் பிடிக்கத் தெரியல மச்சான்" என்றார் அப்பா.

நடுவில் நான் தேவைப்படவே இல்லை. அதுவேறு எனக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் மாமா பால்பன் வாங்கிக் கொடுத்து, "ஆத்தாட்ட ஒண்ணும் சொல்லிராத தாயி" என்று கெஞ்சினார். பன் இருக்கும் வரை சொல்லவில்லை. அம்மா முட்டிக்கு மஞ்சள் பற்றுப் போட்டபோது பொறுக்க முடியாமல் கோள் மூட்டிவிட்டேன்.

"அப்பா சரியான பயந்தாங்கொள்ளிம்மா. பஸ் நின்னுச்சு. கண்டக்டரு ஏறச் சொன்னாரு, நானும் சொன்னேன். மாமா வையும்னு பயந்துக்கிட்டு ஏறவே இல்ல."

அம்மாவின் கை நின்றது. "மாமா எங்க இருந்தாரு?"

"அவரு கடையில பஞ்சர் பாத்துக்கிட்டு இருந்தாரு. படியில கால வச்சுட்டு எடுத்துட்டாரும்மா அப்பா!"

வாசலில் நின்ற மாமா "போச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அம்மா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மஞ்சள் கையோடு எழுந்து அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த மாதம் அம்மா என் பாவாடை சட்டைகளை ஒரு பையில் மடித்து வைத்தாள். தானே கடைவரைக்கும் வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், மாமாவிடம் சொன்னாள்.

"லீவு முடியிற வரைக்கும் அவுக அப்பா ஊர்ல இருந்துட்டு வரட்டும்ணே. நீ கூடப் போக வேணாம். கடையப் பாரு."

பஸ்ஸில் எனக்கு அதே மாதிரி ஜன்னல் சீட்டு கிடைத்தது. நாகமலை தாண்டும் வரை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினால், அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார். எனக்குப் பகீரென்றது. நான் கோள் மூட்டியதால்தானே அம்மா இவரை வலுக்கட்டாயமாக பஸ் ஏற்றிவிட்டாள், பாவம், இன்னும் பயம் போகவில்லை என்று நினைத்தேன். எழுந்து நின்று, பின்பக்கக் கண்ணாடி வழியாக ரோட்டை நன்றாகப் பார்த்தேன். பிறகு அவர் தோளில் தட்டிக் கொடுத்தேன்.

"அழாதப்பா. மாமா வரல. நல்லாப் பாத்துட்டேன், யாருமே வரல."

அதற்கு அவர் இன்னும் சத்தமாக அழுதார். இம்புட்டுப் பெரிய ஆளு இப்படிப் பயந்தால் நான் என்னதான் செய்வது!