ஈயம் பூசிய கொக்கி

சண்டைக் காலம். புது இரும்பு கண்ணில் படாது. கிணற்று வேலைக்காகப் பழைய லாரியின் வில்பட்டையை அடித்துக் கொக்கி செய்திருந்தோம். நல்ல கடினம், ஆனால் முழுக்கத் துரு. என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், மறுநாள் அதில் தொங்கிக் கிணற்றுக்குள் இறங்க வேண்டும். துரு போகட்டும், இனியும் பிடிக்காமல் இருக்கட்டும் என்று, கடத்தூரில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடம் நான்தான் கொண்டுபோனேன்.

அவர் திராவகத்தில் போட்டார். குமிழ் குமிழாகப் பொங்கியது. எடுத்துக் கழுவியவர், மணல் போட்டுத் தேய்த்து ஒரு நாள் அடுப்போரம் கிடக்கட்டும் என்றார். உடனே மூடினால் உள்ளே போன காற்று வழியில்லாமல் கொப்புளம் கட்டுமாம். இரும்புக்குள் காற்றா? சிரித்தேன். இன்றைக்கே வேணும்ங்க என்றேன். பூசிக் கொடுத்தார். மீன் வயிறுபோல் மின்னியது.

காலையில் ஆளைவிடக் கனமான கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். தாங்கியது. கொக்கியில் மாட்டிய பலகையில் உட்கார்ந்து மச்சான் இறங்கினார்.

பல வருஷம் கழித்துப் படித்தேன்: அந்தக் காற்று ஹைட்ரஜன். திராவகம் கடிக்கும்போது பிறந்து, கொஞ்சம் பறந்துபோகும், கொஞ்சம் இரும்புக்குள் நுழைந்துவிடும். வெளியேற அதன் அணுக்கள் மேற்பரப்பில் இரண்டிரண்டாகச் சேர வேண்டும். மேடும் பள்ளமுமாகச் சொரசொரப்பான முகத்தில் சேர இடம் அதிகம். ஈயம் மூடிய முகத்தில் வழியில்லை. உள்ளே அகப்பட்ட ஹைட்ரஜன், பாரம் இழுக்கும் இடம் தேடி நகர்ந்து, கடின இரும்பை மெல்லப் பிளக்கும். உடனே அல்ல. சில மணி நேரம் கழித்து.

உச்சிவேளை வரை வெடி உடைத்த கல் கூடை கூடையாக ஏறியது. ஒரு கூடையைக் கழற்றும்போது கொக்கியின் வளைவில் விரல் பட்டது. கடுகளவு கொப்புளம். பக்கத்தில் இன்னொன்று. நகத்தால் கீறினேன், ஈயம் தோல்போலக் கிழிந்தது, கீழே வெறும் குழி. அத்தனை வெயிலில் முதுகு சில்லிட்டது.

கொக்கியை எடுத்துவிட்டுக் கயிற்றையே முடிச்சுப் போடுவோம் என்றேன். என்னோடு வடம் பிடித்த இருவரும் முடிச்சு நழுவும் என்றார்கள். கீழிருந்து மச்சான் குரல் வந்தது.

"மாப்ள களி உருண்டையிலயே முள்ளு தேடுவாருங்க. கூடையத் தூக்குங்கப்பா."

சிரித்தபடியே கொக்கியை இறக்கினார்கள். அவர் கூடையை மாட்டினார், இவர்கள் இழுத்தார்கள். நான் வடத்தை விட்டுவிட்டு விளிம்பில் குப்புறப் படுத்தேன்.

"சுவரோரம் போயிடுங்க மச்சான். போயிடுங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, சலித்துக்கொண்டே பாறைக் குடைவுக்குள் ஒதுங்கினார்.

கூடை பாதி தூரம் வந்தது. காய்ந்த குச்சி முறிகிற சத்தம், அவ்வளவுதான். கிணறு அதிர்ந்தது. தூசி. தூசிக்குள் ஒன்றும் தெரியவில்லை. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பதில் இருமலாக வந்தது.

முடிச்சுப் போட்ட கயிற்றில் அவரை ஏற்றினோம். முறிந்த துண்டு கொஞ்சமும் வளையவில்லை. உடைந்த இடம் மட்டும் மணி மணியாக மினுங்கியது. மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வருகிற சந்தையில் அந்த ஈயக்காரனைக் கவனித்துக்கொள்கிறேன் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அவரு ஒரு நாள் கேட்டாருங்க மச்சான். நாந்தான் அவசரப்படுத்துனேன்."

தண்ணீர் வாங்கிக் குடித்தார். மறுபடி பலகையில் உட்கார்ந்தார். வடத்தை எடுக்க நான் குனிந்தபோது, நீங்க வேண்டாம் மாப்ள, அவங்க பிடிக்கட்டும் என்றார், மெதுவாக. கிணறு முடிகிற வரைக்கும் அப்படித்தான். தண்ணீர் கண்ட அன்றும் தள்ளியே நின்றேன்.