தண்ணீர் ஊற்றக் கூடாத வீடு

வில்லரேப் பகுதியில் நான் முன்பு இருந்த வீட்டை இன்று காலை இடித்துக்கொண்டிருந்தார்கள். பஸ்சை விட்டு இறங்கி வாய் பார்த்துக்கொண்டு நின்றேன். செங்கல் உதிர உதிர உள்ளே முழுக்கப் பலகை, ஒன்றின் மேல் ஒன்றாய் அடுக்கிய தடித்த பைன் பலகை. செங்கல் சட்டை போட்ட மரவீட்டுக்குள் நாலு வருடம் குடியிருந்திருக்கிறேன், பாருங்கள், தெரியவே தெரியாது!

அந்த ஈரப் பலகை வாசத்தில் சிவம் அண்ணை நினைவில் வந்து நின்றார்.

தொண்ணூறுகளில் அவரும் நானும் அந்த வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். டவுன்டவுனில் ஒரே உணவகக் குசினியில் கோப்பை கழுவினோம். அவர் மனைவி ராணி அக்கா கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். டெலிபோனில் அண்ணை அளப்பார்: "வீடு முழுக்கப் பலகைத் தரையப்பா. மாரிக் குளிரிலையும் வெறுங்காலோட நடக்கலாம்." குளிர் இறுகினால் சுவருக்குள் ஏதோ துவக்குச் சூடு போல வெடிப்பதை மட்டும் சொல்லமாட்டார். சண்டைக்குள்ளிருந்து வருகிறவரிடம் எப்படிச் சொல்வது?

விசா கிடைத்து, அக்கா வர இரண்டு கிழமை இருந்தது. அண்ணை மஞ்சள் கரைத்து வாளி வாளியாய்த் தரையில் ஊற்றினார்.

"அண்ணை, தண்ணி எங்காலை போகும்?"

"விசரா, வாசலாலைதான். மனிசி வாற வீட்டைக் கழுவாமல் விடுறதே?"

ஊர்ச் சீமெந்துத் தரைக்கு வாசல்பக்கம் சரிவு உண்டு. இங்கே தண்ணீர் பலகை இடுக்கால் இறங்கியது. கீழே இருந்த வீட்டுக்காரர், இத்தாலியக் கிழவர், நனைந்த தலையோடு படியேறி வந்து, "மரம்! இது மரம்!" என்று பிரெஞ்சில் கத்தினார். அண்ணைக்குத் தெரிந்த பிரெஞ்சு ஒன்றுதான். "பொன்ஜூர்" என்றார்.

தரை அப்பளம் போலப் பொங்கியது. கிழவர் எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார்.

அவசரத்துக்கு அண்ணைக்கு ஒரு நிலத்தடி பேஸ்மென்ட்தான் அகப்பட்டது. ராணி அக்கா வந்து, சப்பாத்தைக் கழற்றி, சீமெந்தில் வைத்த காலை உடனே எடுத்தார்.

"எங்கையப்பா பலகை?"

"பேந்து ஒரு நாளைக்குப் பாப்பம்."

சொக்ஸுக்கு மேல் சொக்ஸ் போட்டும் அக்கா குளிரில் முழங்கால் வீங்கிப் படுத்தார். அடுத்த மாரிக்கு முன்பே டொரொன்டோவுக்குத் தம்பியிடம் போனவர் திரும்பி வரவில்லை. அண்ணை வெள்ளிக்கு வெள்ளி அந்தச் சீமெந்தைக் கழுவிக்கொண்டே இருந்தார், சாகும்வரை.

இனி அந்த இடத்தில் மரத்தாலேயே ஆறு மாடி வருகிறதாம். வேலியில் படம் தொங்குகிறது: பலகைத் தரையில் வெறுங்காலோடு ஒரு பெண். உள்ளே, தூசு அடங்கட்டும் என்று ஒருவன் எங்கள் மேல்மாடித் தரைக்குக் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். ஒருவரும் ஓடி வந்து கத்தவில்லை.