காய்ச்சலைப் பற்றிக் கேட்காத மனிதர்

மெர்டேக்கா, அதாவது மலாய் நாட்டுச் சுதந்திரம், வந்த புதிதில் கஜா பெராங் பகுதி கிளினிக்கில் மைக்ராஸ்கோப் வைத்து ரத்தம் பார்க்கும் ஒருவர் இருந்தார். குனிந்தே பார்த்துப் பழகியதால் நடக்கும்போதும் எதையோ தேடுகிறவர் போலத்தான் இருப்பார். விரலில் ஊசி குத்தும்போது நாம் வாயைத் திறந்தால், கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. பட்ட நடுக்கத்தை விவரிக்க முடியாவிட்டால் காய்ச்சல் வந்து என்ன பயன்?

“மலேரியாதாண்ணே, ராத்திரி பூரா குளிரு...” என்று தொடங்கினேன்.

“சொல்லாதீங்க தம்பி. சொன்னா என் கண்ணு அதையே தேடும். இல்லாத கிருமியும் இருக்கிற மாதிரி தெரியும்.”

பார்த்துவிட்டு மலேரியா இல்லை என்றார். வெறும் சளிக்காய்ச்சல். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, நோயாளிகளின் பெஞ்சில் அவரே இடுப்பில் கட்டும் சாரத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். கையில் தாளில் சுற்றிய கண்ணாடித் துண்டு. அதில் அவருடைய ரத்தம்.

“நீங்களே பார்த்துக்கலாமேண்ணே?”

“எனக்குக் குளிருதுன்னு எனக்குத்தான் தெரியுமே லா! சைக்கிள்லதானே வந்தீங்க? பெரிய ஆஸ்பத்திரியில கொடுத்துடுங்க. யாரு ரத்தம், என்ன செய்யுதுன்னு ஒண்ணும் சொல்லாதீங்க.”

வாயைத் திறக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். மலேரியாதான். மருந்து சாப்பிட்டு மறுபடி மைக்ராஸ்கோப்புக்கே திரும்பிவிட்டார்.

என் வாயை நம்பி அப்படி ஒரு வேலையை, என்னை அறிந்த யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.