ஆட்டுக்கும் தீப்பெட்டிக்கும் நானே வக்கீல்

அறுபதுகளின் தொடக்கம். சென்னை சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான், கோடை விடுமுறைக்கு மல்லாங்கிணற்றில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். சாத்தூரில் தொழில் செய்துவந்த, எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழாயிரம்பண்ணைக்குப் போய் ஏழைகளுக்கு இலவசமாகச் சட்ட யோசனை சொல்லச் சொன்னார். எனக்கும் பழக்கமாகும் என்றார். பள்ளிக்கூடத்தில் ஓர் அறைக்கும் அவரே ஏற்பாடு செய்தார். ஒரே நிபந்தனை: எதை எழுதினாலும் அவரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

கரும்பலகையில் "இலவச சட்ட ஆலோசனை. அனைவரும் வரலாம்" என்று எழுதி வாசலில் சாத்திவிட்டு, சித்திரை வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் ஞாயிறு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் மணியார்டர் பாரம் நிரப்பச் சொன்னார். ஒருவர் பல்வலிக்கு மருந்து கேட்டார். மூன்றாமவர் உள்ளே நிழலாக இருக்கிறது என்று தூங்கிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறுதான் உண்மையான கட்சிக்காரர் வந்தார். முப்பது வயதுள்ள ஓர் அக்கா. தீப்பெட்டி ஆபீசில், அதாவது தொழிற்சாலையில், சாமான் வாங்கிவந்து வீட்டிலேயே பெட்டி ஒட்டிக் கொடுப்பவர்.

"முத்தத்துல பெட்டியக் காயப் போட்டிருந்தேன் தம்பி. பக்கத்து வீட்டு வெள்ளாடு வந்து பசைய நக்கி, தாளைத் தின்னு, மிச்சத்த மிதிச்சிட்டுப் போயிருச்சு. இப்படியே போனா ஆபீசுல எனக்கு வேலையே தர மாட்டாக."

எனக்குப் புல்லரித்தது. பரிதாபத்தால் என்று சொன்னால் பொய். கால்நடை அத்துமீறல்! அந்த வருடப் பரீட்சையில் நான் பிரமாதமாக எழுதிய கேள்வி. அவரை மேற்கொண்டு பேசவே விடவில்லை. "நான் பார்த்துக்கிறேன் அக்கா" என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி, அவர் கைநாட்டை வாங்கிக்கொண்டேன். இவ்வளவு நல்ல கடிதத்தை சாத்தூர் வக்கீல் திருத்திக் கெடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் அவரிடம் காட்டாமலே தபாலில் சேர்த்தேன். பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டிய கடிதம் தபால் பையில் சாத்தூர் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

மூன்றாம் ஞாயிறு, ஐம்பது வயதுள்ள ஒரு பெரியம்மா அந்தக் கடிதத்தோடு வந்து நின்றார். ஆட்டுக்குச் சொந்தக்காரர்.

"தபால்காரர் வாசிச்சாரு. தெருவே வாயப் பொளந்துட்டு நின்னுச்சு. இதுக்கு இதவிடக் காரமா ஒண்ணு எளுதித் தாங்க தம்பி."

"பெரியம்மா, இதை எழுதினதே நான்தான். உங்களுக்கும் எழுதக் கூடாது."

அவர் வாசலைக் காட்டினார். "பலகையில அனைவரும் வரலாம்னு போட்டிருக்குன்னாகளே. அவ மட்டும் வரலாம்னா போட்டிருக்கு?"

சட்டப்படி, முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் கடிதத்துக்கு என்ன பதில் எழுதலாம் என்று மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பசை தடவிய பெட்டியை வேலியில்லாத முற்றத்தில் பரப்பியது யார் குற்றம்? ஆட்டின் இயல்பு பெட்டி ஒட்டுகிறவருக்குத் தெரியாதா? எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். என் போன வாரக் கடிதம் ஒன்றுமில்லாமல் போயிருந்தது. இதையும் வக்கீலிடம் காட்டாமலே தபாலில் சேர்த்தேன்.

நான்காம் ஞாயிறு பெட்டி அக்கா அந்தப் பதிலோடு வந்தார். அவர் முகம் வாடியிருந்தது. எனக்கோ என்னிடமே தோற்ற ரோஷம். வாதத்தில் ஓட்டை எதுவும் கிடைக்காததால், கடைசி வரியில் "தவறினால் கிரிமினல் நடவடிக்கை எடுக்கப்படும்" என்று அழுத்தமாக எழுதினேன். வெறும் மிரட்டல்தான். ஒரு வரி கம்பீரமாக இருக்கட்டுமே என்று எழுதியது.

ஐந்தாம் ஞாயிறு நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பள்ளிக்கூட வாசலில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணி மூட்டை, ஒரு ஈயத் தம்ளர், அப்புறம் அந்த ஆடு.

"கிரிமினல்னா செயிலுன்னு தபால்காரர் சொன்னாரு. போலீசு வீட்டுக்கு வந்தா அசிங்கம். அதான் நானே வந்துட்டேன். இந்த வாயில்லாச் சீவன உள்ள சேப்பாகளா தம்பி?"

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கண்கள் சிவந்து வீங்கியிருப்பதைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. பெரியம்மா ராத்திரியெல்லாம் தூங்கியிருக்கவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், விஷயம் கேள்விப்பட்டு பெட்டி அக்கா ஓடிவந்தார். மூட்டையைப் பார்த்தார். நேராக என்னிடம் திரும்பினார். பெரியம்மா அவருக்கு அண்ணி முறை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஏன் தம்பி, எங்க மதினிய செயிலுக்கு அனுப்பச் சொல்லி நான் கேட்டனா? மத்தியானம் பெட்டி காயுற நேரம் ஆட்டக் கட்டிப்போடச் சொல்லுங்கன்னுதான வந்தேன்!"

"அதை நீங்க சொல்லவே இல்லையே அக்கா?"

"நீங்க எங்கன கேட்டீக?"

பெரியம்மா எழுந்துவிட்டார். "ஏ புள்ள, இம்புட்டுத்தானா? வேலிப் பக்கம் நின்னு நீயே சொல்லியிருந்தா கட்டியிருப்பனே."

"எப்படிச் சொல்ல? இருக்கன்குடி கோயிலுக்குப் போறப்ப வண்டியில எடம் விடலேன்னு நாமதான் பேச்ச விட்டுட்டமே."

அதற்கப்புறம் இருவரும் பேசிக்கொண்டார்கள். பெரும்பாலும் என்னைப் பற்றி. காதில் வாங்க முடியாத அளவுக்கு வைதார்கள். பின்பு அக்கா மூட்டையைத் தூக்கிக்கொள்ள, பெரியம்மா ஆட்டைப் பிடித்துக்கொள்ள, சேர்ந்தே நடந்து போனார்கள்.

அன்று மாலையே சாத்தூரில் இறங்கி வக்கீலிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டு வாங்கினேன். அது நியாயம்தான்.

பிறகு நாற்பது வருடங்கள் கோர்ட்டுக்குப் போனேன். என் மேஜைக்கு முன்னால் யார் வந்து உட்கார்ந்தாலும், பேனாவைத் திறப்பதற்கு முன் "உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகினேன். பாதிப் பேருக்கு நான் எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.